ஆலிசன் ஹேய்ஸும் ஒரு கால்சியம் மாத்திரையும்

1958-இல் வந்த '50 அடிப் பெண்' என்ற அமெரிக்கப் படத்தின் சுவரொட்டியை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். நெடுஞ்சாலையின் இரு பக்கமும் கால்களை அகட்டி வைத்து ஒரு ராட்சதப் பெண் நிற்பாள். ஒரு கையில் பொம்மையைத் தூக்குவது போல ஒரு கார். கீழே ஜனங்கள் அலறி ஓடுவார்கள். ரெனால்ட் பிரவுன் என்ற ஓவியர் வரைந்தது. படத்தில் அப்படி ஒரு காட்சியே கிடையாது. ஆனாலும் சட்டையிலும் காபிக் கோப்பையிலும் இன்றுவரை அந்த ஓவியம் விற்றுக்கொண்டிருக்கிறது. அந்தப் பெண்ணாக நடித்தவர் ஆலிசன் ஹேய்ஸ்.

அவர் 46 வயதில் இறந்தார். பழைய ஹாலிவுட் நடிகை ஒருவர் சின்ன வயதில் போய்விட்டார் என்றாலே மதுவா, தூக்க மாத்திரையா என்றுதான் நம் மனம் ஓடும். இவரை முடக்கிப் போட்டது ஒரு சத்து மாத்திரை. அதைக் கண்டுபிடித்ததும் அவரேதான். ரத்தப் பரிசோதனைக் கூடங்களும் நிபுணர்களும் நிறைந்த ஒரு நாட்டில், ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாத ஒரு நடிகை புத்தகத்தைப் புரட்டித் தன் நோயைத் தானே கண்டுபிடிக்க வேண்டி வந்தது. இந்தக் கதையை நான் விரிவாக எழுத நினைத்ததற்கு அதுதான் காரணம்.

பெற்றோர் வைத்த பெயர் மேரி ஜேன் ஹேய்ஸ். 1930 மார்ச் 6-ஆம் தேதி மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டனில் பிறந்து, தலைநகர் வாஷிங்டனில் வளர்ந்தார். 1949-இல் அந்த ஊர் அழகியாகத் தேர்வாகி, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த மிஸ் அமெரிக்கா போட்டி வரை போனார். பட்டம் அரிசோனாவிலிருந்து வந்த பெண்ணுக்குக் கிடைத்தது. ஊர் திரும்பி, உள்ளூர்த் தொலைக்காட்சியில் கொஞ்ச நாள் வேலை பார்த்தார். அப்புறம் கலிபோர்னியா. 1954-இல் யுனிவர்சல் ஸ்டுடியோ அவரை ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது.

ஒப்பந்த நடிகை என்றால் ஸ்டுடியோவின் சம்பள ஊழியர். வாராவாரம் சம்பளம், கூடவே நடிப்பு, நடனம், குதிரையேற்றம் என்று பயிற்சி. எந்தப் படத்தில் போடுகிறார்களோ அதில் நடித்தாக வேண்டும். ஆனால் இவர் உள்ளே நுழைந்த நேரம், அந்த ஏற்பாடே ஆட்டம் கண்டிருந்த நேரம். ஸ்டுடியோக்கள் தியேட்டர்களையும் சொந்தமாக வைத்துக்கொள்வது சட்டவிரோதம் என்று 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. வீட்டுக்கு வீடு டிவி வந்துகொண்டிருந்தது. செலவைக் குறைக்க ஸ்டுடியோக்கள் முதலில் கை வைத்தது ஒப்பந்தப் பட்டியலில்தான். அதே 1954-இல் அதே யுனிவர்சலில் சேர்ந்த கிளின்ட் ஈஸ்ட்வுட்டைக்கூட அடுத்த வருடமே அனுப்பிவிட்டார்கள்.

ஆலிசனின் முதல் படத்தில் நாயகன் ஒரு பேசும் கோவேறு கழுதை. அடுத்து, ஜாக் பேலன்ஸ் ஹூணர்களின் மன்னன் அட்டிலாவாக நடித்த ஒரு சரித்திரப் படத்தில், கடைசியில் அவனைக் கொல்லும் பெண்ணாக வந்தார். 1955-இல் கொலம்பியா ஸ்டுடியோவுக்காக ஒரு படம் செய்தார். நடிகை ஜோன் உட்வர்டுக்கு அதுதான் முதல் சினிமா. மூன்றே வருடத்தில் உட்வர்டு கையில் ஆஸ்கர் இருந்தது. ஆலிசனோ அதற்குள் எந்த ஸ்டுடியோவுக்கும் சொந்தமில்லாதவராகி, கிடைத்த படத்தில் நடிக்க ஆரம்பித்திருந்தார்.

கிடைத்தவை எல்லாம் ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டும் இரட்டைக் காட்சிக்கும், காரில் உட்கார்ந்தபடியே பார்க்கும் திறந்தவெளித் தியேட்டர்களுக்கும் செய்யப்பட்ட மலிவுப் படங்கள். இந்தப் படங்களில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதில் உழைத்தவர்களை நினைத்தால் இன்னும் அதிகம். 1956-இல் இயக்குநர் ரோஜர் கார்மன் எடுத்த 'கன்ஸ்லிங்கர்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே நாளில் முடிக்க வேண்டிய கௌபாய் படம். படப்பிடிப்பு நாட்களில் மழை விடவே இல்லை. வண்டிகள் சேற்றில் புதைந்தன, விளக்குகள் நனைந்தன. மதுக்கடை நடத்தும் வில்லியாக வந்த ஆலிசன் குதிரையிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று, வெவ்வேறு திசையில் முகத்தைத் திருப்பச் சொல்லி அவருடைய நெருக்கக் காட்சிகளை எடுத்துக்கொண்டார் கார்மன். இதைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். எலும்பு முறிந்த வலியோடு ஒரு பெண் கேமராவைப் பார்த்து முகபாவம் காட்டியிருக்கிறார். வலி தாங்கும் சக்தி இல்லாதவர் என்று பிற்காலத்தில் இவரை யாராவது நினைத்திருந்தால், இந்தச் சம்பவத்தை அவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டும்.

அடுத்த வருடம் அதே கார்மனின் 'தி அன்டெட்' படத்தில் சூனியக்காரி. மூடிக் கிடந்த ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் இடைக்கால ஐரோப்பாவைக் கட்டி எடுத்தார்கள். அதே 1957-இல் ஜாம்பிப் படம், காட்டு மந்திரப் படம், பைத்தியக்கார விஞ்ஞானி படம் என்று வரிசையாக வந்தன. எல்லாவற்றிலும் கம்பீரமாக நிமிர்ந்து நிற்கும் ஒரு பெண். வசனம் மொக்கையாக இருக்கலாம், அவர் அதை மொக்கையாகச் சொன்னதே இல்லை.

அப்புறம்தான் '50 அடிப் பெண்'. நாதன் ஜுரான் 'நாதன் ஹெர்ட்ஸ்' என்ற பெயரில் இயக்கியது. ஒரு லட்சம் டாலருக்கும் குறைவான செலவு, ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நீளம். ஆலிசனின் பாத்திரம் நான்சி ஆர்ச்சர் என்ற பணக்காரப் பெண். இரவில் தனியாகப் பாலைவனச் சாலையில் கார் ஓட்டி வருகிறாள். ஒளிரும் பெரிய உருண்டை ஒன்று சாலையில் இறங்குகிறது. ராட்சதக் கை ஒன்று அவளை நோக்கி நீளுகிறது. அலறிக்கொண்டு ஊருக்குள் ஓடி வந்து சொல்கிறாள். சுற்றி நிற்கும் கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறது. இவள் குடிப்பவள், மனநல விடுதியில் இருந்துவிட்டு வந்தவள் என்பது ஊருக்கே தெரியும். ஊர்ப் போலீஸ் அதிகாரியான ஷெரிஃப் தேடிப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வருகிறார், ஏனென்றால் ஊர் வரியில் பெரும்பங்கு அவள் கட்டுவது. வீட்டுக்கு வரும் டாக்டர் ஊசி போட்டுத் தூங்க வைக்கிறார். கணவன் அவளை மறுபடி விடுதியில் அடைத்துவிட்டுச் சொத்தோடு காதலியிடம் போகக் கணக்குப் போடுகிறான்.

இந்த முதல் பாதியை ஆலிசன் நடித்திருக்கும் விதத்தைக் கவனித்துப் பாருங்கள். அட்டையில் செய்த ராட்சதக் கை வரும்போது பார்ப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். ஆனால் "நான் பார்த்தேன், நிஜமாகவே பார்த்தேன்" என்ற நிலையில் நிற்கும் ஒரு பெண்ணின் பதற்றம் அந்தக் கண்களில் அப்படியே இருக்கிறது. அவருக்கு அப்போது 28 வயது. ஏழெட்டு வருடத்தில் தானும் இதே நிலைமையில் நிற்பார் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

1960-களில் வாய்ப்புகள் டிவி பக்கம் நகர்ந்தன. 'பெர்ரி மேசன்' தொடரில் சில அத்தியாயங்கள், 1963-இல் தொடங்கிய 'ஜெனரல் ஹாஸ்பிடல்' நெடுந்தொடரில் ஒரு பாத்திரம், 1965-இல் எல்விஸ் பிரெஸ்லி படத்தில் ஒரு சின்ன வேடம். அதோடு திரைவாழ்க்கை நின்றுபோனது.

நின்றதற்குக் காரணம் உடம்பு. டாக்டர் ஒருவர் சொன்னதன் பேரில் அவர் தினமும் ஒரு கால்சியம் சத்து மாத்திரை எடுத்து வந்தார். அறுபதுகளின் நடுவில் வலி ஆரம்பித்தது. வலி கூடக் கூட ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாத நிலை. எப்போதும் சிரித்துப் பேசும் சுபாவம் மாறி, சட்டென்று கோபமும் அழுகையும் வர ஆரம்பித்தது. முழுநேரம் வேலை பார்க்க முடியவில்லை. டாக்டர் மாற்றி டாக்டர் பார்த்தார். நோய்க்குப் பெயர் கிடைக்கவில்லை.

பெயர் கிடைக்காததற்கு மருத்துவக் காரணம் இருக்கிறது. அவருக்கு இருந்தது ஈய நச்சு. அது ஒரே இடத்தில் காட்டும் நோய் கிடையாது. (இங்கே ஈயம் என்று சொல்வது காரீயத்தை. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம், அது வேறு உலோகம்.) வயிற்றைப் பிசையும் வலி வந்தால் ஒரு டாக்டர், மூட்டும் தசையும் வலித்தால் இன்னொருவர், தலைவலிக்கு வேறொருவர், சோகை என்றால் இரும்புச் சத்து மாத்திரை, எரிச்சலும் தூக்கமின்மையும் என்றால் நரம்புத் தளர்ச்சி. ஒவ்வொருவரும் தன் பங்குக்கு வரும் துண்டை மட்டும் பார்ப்பார். எல்லாத் துண்டுகளும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பது நோயாளியின் உடம்பில் மட்டும்தான்.

அன்றைய அமெரிக்க டாக்டர் மனதில் ஈய நச்சுக்கு ஒரு முகம் இருந்தது. பேட்டரித் தொழிற்சாலைத் தொழிலாளி, பெயிண்டர், பழைய கார் ரேடியேட்டரை வைத்துக் கள்ளச் சாராயம் காய்ச்சிக் குடித்தவர், சுவர்ப் பெயிண்டைச் சுரண்டித் தின்ற குழந்தை. லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் சினிமா நடிகை அந்தப் பட்டியலில் எங்கே வருவார்? ஈயத்துக்கான பரிசோதனை வழக்கமான ரத்தப் பரிசோதனையில் சேர்ந்ததும் இல்லை, சந்தேகப்பட்டு எழுதிக் கொடுத்தால்தான் செய்வார்கள். போதாக்குறைக்கு, எந்த அளவைக் கண்டு பதறுவது என்பதே அன்று வேறாக இருந்தது. 1960-களில் குழந்தையின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு (100 மில்லிக்கு) 60 மைக்ரோகிராம் ஈயம் இருந்தால்தான் கவலைப்பட்டார்கள். இன்று அமெரிக்காவில் அந்த எல்லை 3.5.

எல்லாவற்றுக்கும் மேல், கேட்க வேண்டிய கேள்வி சரியாகக் கேட்கப்படவில்லை. "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால் சத்து மாத்திரை அந்தப் பதிலில் வராது. அதை மருந்து என்று சாப்பிடுபவரும் நினைப்பதில்லை, கேட்பவரும் நினைப்பதில்லை. எலும்பு வலிக்கிறது, கால்சியம் எடுக்கிறேன் என்றால் நல்லதுதானே என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆலிசன் மருத்துவப் புத்தகங்களைத் தேட ஆரம்பித்தார். தொழிற்சாலைகளில் உலோகத்தோடு புழங்குகிறவர்களுக்கு வரும் நச்சு பற்றிய ஒரு நூல் கையில் கிடைத்தது. அதில் எழுதியிருந்த அறிகுறிகளும் தன்னுடையவையும் அப்படியே பொருந்தின. அவர் எந்தத் தொழிற்சாலைக்கும் போனவர் இல்லை. அப்படியானால் உலோகம் உடம்புக்குள் எப்படி வந்தது? தினமும் தவறாமல் வாயில் போடுவது என்னென்ன என்று யோசித்துப் பார்த்தபோது சந்தேகம் கால்சியம் மாத்திரையில் போய் நின்றது. ஒரு நச்சியல் நிபுணரை அமர்த்தி மாத்திரையைப் பரிசோதிக்கக் கொடுத்தார். அதில் ஈயம் மிக மிக அதிகம் என்று முடிவு வந்தது.

பயிற்சி பெற்ற எந்த மருத்துவரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய துப்பறிதல் இது. அறிகுறியைச் சேர்த்துப் பார்த்தது, தொழில் வழியாக வந்ததா என்று விலக்கியது, உள்ளே வரும் வழியைத் தேடியது, சோதித்து உறுதி செய்தது என்று ஒரு படியைக்கூட அவர் தாண்டவில்லை. வலியோடு உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறார்.

அந்த மாத்திரை இங்கிலாந்திலிருந்து இறக்குமதியான எலும்புத்தூள், அதுவும் குதிரை எலும்பு. எலும்பை வேகவைத்து, கொழுப்பு நீக்கி, காயவைத்து, மாவாக அரைத்து மாத்திரையாக்குவார்கள். கால்சியமும் பாஸ்பரஸும் இயற்கையாகவே சேர்ந்திருக்கும் என்பதால் அன்றைய ஆரோக்கிய உணவுக் கடைகளில் அதற்கு நல்ல பெயர்.

எலும்பில் ஈயம் எப்படி? ஈய அயனியும் கால்சிய அயனியும் ஒரே மின்னூட்டம் கொண்டவை, அளவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. உடம்பு ஏமாந்துபோய் ஈயத்தைக் கால்சியம் என்றே எடுத்துக்கொண்டு எலும்பில் சேர்த்து வைக்கிறது. வயது வந்த மனிதரின் உடம்பில் உள்ள ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது. விலங்குக்கும் இதே கதை. வாழ்நாள் முழுக்க மேய்ந்த புல், குடித்த தண்ணீர், 1920-களிலிருந்து பெட்ரோலில் கலந்த ஈயம் புகையாக வந்து படிந்த தூசு என்று எல்லாவற்றின் கணக்கும் எலும்பில் ஏறிக்கொண்டே போகும். இறைச்சிக்கு வளர்க்கும் மாட்டை இளவயதிலேயே வெட்டிவிடுவார்கள். குதிரை பல வருடம் உழைத்து, கிழடானபின் எலும்பாகிறது. அதற்குள் எலும்பில் நிறைய ஈயம் சேர்ந்திருக்கும். அதை அரைத்து ஒரு பெண் தினமும் விழுங்கினார். அது போய்ச் சேர்ந்ததும் எலும்பில்தான்.

மாத்திரையை நிறுத்திவிட்டால் சரியாகிவிடுமே என்று தோன்றலாம். ரத்தத்தில் இருக்கும் ஈயம் ஒரு மாதத்தில் ஏறக்குறையப் பாதியாகும். எலும்புக்குள் போனது அங்கேயே பத்து, இருபது வருடம் தங்கும். எலும்பு தினமும் கொஞ்சம் கரைந்து புதிதாகக் கட்டப்படுகிற உறுப்பு என்பதால், கரையும்போதெல்லாம் பழைய ஈயம் மறுபடி ரத்தத்துக்கு வரும்.

காரணம் தெரிந்தபின் ஆலிசன் தன் சிகிச்சையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அந்த மாத்திரையை நாட்டுக்குள் விடக்கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்திடம் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். அன்றைய சட்டத்தைப் பார்த்தால் அது எவ்வளவு மேடான பாதை என்று புரியும். 1962-க்குப் பிறகு, ஒரு மருந்தை விற்க வேண்டுமானால் அது பாதுகாப்பானது, வேலை செய்கிறது என்று முன்கூட்டியே நிரூபிக்க வேண்டும். எலும்புத்தூள் மருந்து இல்லை, உணவு. விற்பதற்கு முன் யாரும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. விற்ற பிறகு அதில் நஞ்சு இருக்கிறது என்று அரசுதான் காட்ட வேண்டும். சத்து மாத்திரைகள் மேல் இன்னும் கொஞ்சம் கட்டுப்பாடு கொண்டுவர நிர்வாகம் முயன்றுகொண்டிருந்தது. விற்பவர்களும், வாங்கிச் சாப்பிடுபவர்களில் ஏராளமானோரும் சேர்ந்து எதிர்த்தார்கள். விட்டமின், தாதுச்சத்து மாத்திரைகளில் எவ்வளவு சத்து இருக்கலாம் என்று வரம்பு போடும் அதிகாரத்தை 1976 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றம் அந்த நிர்வாகத்திடமிருந்து பறித்தது. அசுத்தமான பொருளைத் தடுக்கும் அதிகாரம் மிஞ்சியது உண்மைதான். ஆனால் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பது தெளிவு.

அதே 1976-இல் ஆலிசனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. கலிபோர்னியாவின் லா ஹோயாவில் சிகிச்சை எடுத்தார். 1977 பிப்ரவரி 26-ஆம் தேதி குளிர் நடுக்கமும் கடும் வலியுமாக நிலைமை மோசமாகி, சான் டியாகோவில் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு மாற்றினார்கள். மறுநாள் இறந்தார். 47-ஆவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருந்தது. கல்வர் சிட்டியில் உள்ள ஹோலி கிராஸ் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

இறந்தபின் அவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது, உணவு மருந்து நிர்வாகத்திடமிருந்து. சத்துப் பொருள் இறக்குமதி விதிகளைத் திருத்துகிறோம், அதற்குப் பெரும் காரணம் உங்களுக்கு நேர்ந்ததுதான் என்று அதில் சொல்லியிருந்தார்கள். வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு அந்தப் பதிலைப் படிக்கக் கொடுத்துவைக்கவில்லை. இந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது.

அதே வருடம் ஜூன் மாதம், அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வில்லியம் கிராஸ்பி ஒரு கட்டுரை எழுதினார். லா ஹோயாவில் இருந்த ரத்தவியல் நிபுணர் அவர். சிறுகுடலின் திசுவை எடுக்கப் பயன்படும் 'கிராஸ்பி கேப்ஸ்யூல்' இவர் பெயரில்தான் இருக்கிறது. ஈயம் கலந்த ஆரோக்கிய உணவு, ஈய நச்சு, ரத்தப் புற்றுநோய் மூன்றும் ஒரே நோயாளியிடம் சேர்ந்திருந்ததைத்தான் அந்தக் கட்டுரை பேசியது. ஒரே ஒரு நோயாளியை வைத்து, ஈயம்தான் புற்றுநோயைத் தந்தது என்று சொல்லிவிட முடியாது. கிராஸ்பி தலைப்பிலேயே தொடர்பு என்ற சொல்லைத்தான் போட்டார். சரியான நிதானம். எலும்பு மஜ்ஜையில் ரத்தம் உருவாகும் வேலையை ஈயம் கெடுக்கும் என்பது நிச்சயம், அதிலிருந்து புற்றுநோய் வரை ஒரே கோடு இழுக்க இந்த ஒரு நோயாளி போதாது. ஆனால் மாத்திரையிலிருந்து ஈய நச்சுக்கு ஆலிசன் போட்ட கோட்டில் எந்தச் சந்தேகமும் இல்லை.

1982-இல் உணவு மருந்து நிர்வாகம் டாக்டர்களுக்கு ஒரு அறிவுரை அனுப்பியது: சிசுக்கள், சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் எலும்புத்தூளைத் தவிர்ப்பது நல்லது. அறிவுரைதான், தடை கிடையாது. 1993-இல் '50 அடிப் பெண்' படத்தை நடிகை டேரில் ஹன்னாவை வைத்து டிவிக்காக மறுபடி எடுத்தார்கள். அதே வருடம், கடையில் விற்கும் 70 வகைக் கால்சியம் மாத்திரைகளை வாங்கி ஈயம் இருக்கிறதா என்று சோதித்த ஆய்வும் வெளிவந்தது. ஏறக்குறைய நான்கில் ஒன்று, சின்னக் குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தாங்கும் என்று அரசு வைத்திருந்த அளவைத் தாண்டியிருந்தது. அதிக ஈயம் இருந்த வகைகளில் எலும்புத்தூள் மாத்திரைகள் அப்போதும் இருந்தன.